காப்பீட்டு அட்டை இருக்கும்போது இ.எஸ்.ஐ. பிடித்தம் எதற்கு?

2 செப்டம்பர் 2024, இரவு 9.40 – வேலம்பாளையம் வாசகர் கேட்டது

பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. மாதம் சுமாராக 12,000 ரூபாய் வருகிறது. அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 90 ரூபாய் பிடிக்கிறார்கள். வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனால் அரை ஷிப்ட் போய்விடும், கொடுப்பதும் அதே பாராசிட்டமால். அட்டை உள்ளவர்கள் "எனக்கு இ.எஸ்.ஐ. வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்திவிடலாம் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். உண்மையா?

2 செப்டம்பர், இரவு 10.55 – சம்பளப் பதிவேடு

உண்மையில்லை. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். இ.எஸ்.ஐ. சட்டம் உங்கள் விருப்பத்தையும் கேட்காது, முதலாளியின் விருப்பத்தையும் கேட்காது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் பல வருடங்களாகச் சம்பளப் பதிவேடு எழுதுகிறவள். அதனால் உங்கள் 90 ரூபாயின் மறுபக்கத்தையும் பார்ப்பவள். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களுடையது. கம்பெனி தன் கையிலிருந்து 3.25 சதவீதம் கட்ட வேண்டும், அதாவது 390 ரூபாய். உங்கள் பெயரில் மாதம் 480 ரூபாய் போகிறது. நீங்கள் விலகினால் உங்களுக்கு மிச்சம் 90, கம்பெனிக்கு மிச்சம் 390.

எழுதிக் கொடுக்கச் சொன்ன நண்பர் யாருக்கு வேண்டியவர் என்று விசாரியுங்கள்.

3 செப்டம்பர், காலை

அவசரத்தில் பாதிதான் எழுதினேன். அட்டை விஷயம் பாக்கி இருக்கிறது.

இரண்டுக்கும் காப்பீடு என்ற பெயர் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறோம். முதலமைச்சர் திட்டத்தின் வரலாறு எல்லோருக்கும் தெரியும். 2009இல் கலைஞர் பெயரில் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்று நிற்கிறது. நல்ல திட்டம். எங்கள் தெருவிலேயே இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் போவது மருத்துவமனைக்கு. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் படுத்தால், அவர்கள் கணக்கில் போய்ச் சேரும். சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடப்பீர்களே, அப்போது அரிசிக்கும் வாடகைக்கும் அந்த அட்டையில் ஒரு பைசா கிடையாது.

இ.எஸ்.ஐ.யில் டாக்டரும் மாத்திரையும் ஒரு பகுதி. இன்னொரு பகுதி சம்பளத்துக்குக் காப்பீடு. நோயில் படுத்தால் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். நாளுக்கு 500 ரூபாய் கூலி என்றால் 350 ரூபாய். 91 நாளுக்கு 31,850. காசநோய், புற்றுநோய், பக்கவாதம் உள்ளிட்ட 34 நோய்களுக்கு 80 சதவீதமாக, இரண்டு ஆண்டு வரை நீளும். அதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், முந்தைய இரண்டு ஆண்டுக் கணக்கில் 156 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும்.

இதைக் கேட்டு வாங்கியவர்களை என் அனுபவத்தில் அதிகம் பார்த்ததில்லை. டிஸ்பென்சரி வரிசையைத் திட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

3 செப்டம்பர், மதியம்

"அதே பாராசிட்டமால்" என்று எழுதியிருந்தீர்கள். தனியார் கிளினிக்கில் ஊசியோடு சேர்த்து 300 ரூபாய்க்குக் கொடுப்பதும் அதே பாராசிட்டமால்தான். அங்கே பெயரை மட்டும் மாற்றி எழுதுவார்கள்.

5 செப்டம்பர், இரவு

ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். "பதிவேடு எழுதுகிறவர்களுக்கு வரிசையில் நின்ற அனுபவம் இருக்காது. காலை எட்டு மணிக்குப் போனால் டாக்டர் வரப் பத்து, மருந்து வாங்கப் பன்னிரண்டு, பாதி மருந்து இருப்பில் இல்லை" என்று.

நியாயம். சிறு நோய்க்கு அவர் பக்கமே நானும் வருகிறேன். சட்டத்திலேயே நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது (முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் அந்த விதி இல்லை). இரண்டு நாள் காய்ச்சலுக்கு அரை ஷிப்ட் கூலியை விட்டு வரிசையில் நிற்பது கட்டுபடியாகாது. தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் மெஷினில் உட்காருகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தப் பழக்கம் பெரிய நோய்க்கும் தொடர்கிறது. மஞ்சள் காமாலை, டெங்கு, முதுகுத்தண்டு வலி என்று ஒரு மாதம் படுப்பவரும் தனியாரிடமே போகிறார். நோய்க்காலப் பணம் கேட்க இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று வேண்டும். அது இல்லாமல் குணமான பிறகு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் போய் நின்றால், தனியார் சீட்டை வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். மூன்றாம் நாளும் எழுந்திருக்க முடியவில்லை என்றால் அன்றே டிஸ்பென்சரிக்குப் போய்ச் சான்று வாங்கிவிடுங்கள். மருந்தை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள்.

டிஸ்பென்சரி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பணம் வசூலிப்பதும் நோய்க்காலக் கூலி கொடுப்பதும் மத்திய அரசின் இ.எஸ்.ஐ. கழகம். டிஸ்பென்சரியை நடத்துவது மாநில அரசு. மருத்துவச் செலவில் எட்டில் ஏழு பங்கு கழகத்துடையது, ஒரு பங்கு மாநிலத்துடையது. மருந்து இல்லை என்று கழகத்திடம் முறையிட்டால் மாநிலத்தைக் கேள் என்பார்கள். மாநிலத்தில் கேட்டால் கழகம் இன்னும் பணம் விடவில்லை என்பார்கள். இரண்டு மாமியார் உள்ள வீட்டில் சோறு குழைந்தால் யாரைக் கேட்பது?

6 செப்டம்பர்

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு கோபமும் இருக்கலாம். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. முதலில் கால் வைத்ததே நம் பக்கம்தான், 1955 ஜனவரியில் கோவையில். கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி மூன்றே வருடத்தில் இங்கே வந்துவிட்டது. அப்போது கோவையில் பஞ்சாலைகள் இருந்தன, சங்கங்கள் இருந்தன. இத்தனை லட்சம் பேர் தைக்கும் திருப்பூரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். நடுவில் ஓடிய காலமெல்லாம் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பஸ் ஏறியவர்கள் இந்த இழையை வாசித்தால் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவர்கள் பலர் பாதி வழியில் மனம் மாறி, சூலூரிலேயே இறங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

9 செப்டம்பர், இரவு 11 மணி

விபத்தைப் பற்றி இன்னும் எழுதவில்லை. தள்ளிப் போட்டதற்குக் காரணம், இது என் வீட்டுக் கதை.

என் தம்பி ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு உதவியாளாக இருந்தான். வலது கை ஆள்காட்டி விரலின் முதல் கணு கட்டிங் மெஷினில் போய்விட்டது. கம்பெனிக்காரர்களே காரில் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள், செலவையும் கட்டினார்கள். மாலையில் மேனேஜர் வந்து அம்மாவின் கையில் பத்தாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, "யாராவது கேட்டால் வீட்டில் தேங்காய் உரிக்கும்போது அரிவாள் பட்டுவிட்டது என்று சொல்லுங்கள் அம்மா, இல்லாவிட்டால் கம்பெனிக்கு வீண் தொந்தரவு" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவளைப் பொறுத்தவரை அவர் நல்ல மனிதர்.

மருத்துவமனைச் சீட்டிலும் தேங்காய்தான் எழுதியிருந்தது.

அந்தப் பத்தாயிரத்தின் எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்று கணக்குப் போடுகிறேன். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, குணமாகும் வரை கூலியில் 90 சதவீதம். இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது, வேலைக்குச் சேர்ந்த அன்றே அடிபட்டாலும் உண்டு. குணமான பிறகு மருத்துவக் குழு ஊனத்தின் அளவைச் சொல்லும். சட்டத்தின் பட்டியலில் ஆள்காட்டி விரலின் ஒரு கணுவுக்கு 9 சதவீத உழைப்பிழப்பு என்று இருக்கிறது. முழு விரல் என்றால் 14. அவன் கூலி அப்போது நாளுக்கு 400. அதில் 90 சதவீதம் 360, அதில் 9 சதவீதம் 32 ரூபாய் 40 காசு. மாதத்துக்கு ஏறக்குறைய 970 ரூபாய், ஆயுள் முழுக்க. வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் நிற்காது. விலைவாசியைப் பார்த்து இடையிடையே சிறிது கூட்டுவார்கள்.

அவனுக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

நான் கிளை அலுவலகத்துக்குப் போனேன். விபத்து அறிக்கையைக் கம்பெனி அனுப்ப வேண்டும், அனுப்பவில்லை. மருத்துவமனைச் சீட்டோ எதிராக இருந்தது. பக்கத்து மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்த ஒடிசாப் பையன் ஒருவன் மட்டும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தான். அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, ஒடியாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஆய்வாளர் கம்பெனிக்கு நேரில் போனார். நீண்ட காலம் இழுத்துக் கடைசியில் உத்தரவு வந்தது. இன்றுவரை மாதாமாதம் பணம் வருகிறது. தம்பி அதை "விரல் சம்பளம்" என்பான்.

கம்பெனி அவனைத் திரும்ப எடுக்கவில்லை. சிகிச்சையில் இருக்கும் காலத்தில் நீக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சிகிச்சை முடிந்த பிறகு "ஆர்டர் இல்லை" என்று சொல்வதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. அந்த ஒடிசாப் பையனும் அடுத்த தீபாவளிக்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

10 செப்டம்பர், காலை

"கம்பெனி கொடுத்த பத்தாயிரத்தை என்ன செய்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மா அதில் பீரோ வாங்கினாள்.

10 செப்டம்பர், மாலை

இன்னொருவர் கேட்டது இதைவிடப் பயனுள்ள கேள்வி. வேலைக்கு வரும் வழியில் பைக்கில் அடிபட்டால்? அதுவும் வேலை விபத்துதான். 2010இல் செய்த திருத்தத்தில் 51ஈ என்ற பிரிவாகச் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும், வேலை முடிந்து திரும்பும்போதும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால் போதும். நைட் முடித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போகும் வழியில் என்றால் பொருந்தும். நைட் முடித்து, நண்பன் வீட்டில் கிடா விருந்து சாப்பிட்டுவிட்டு மறுநாள் மதியம் திரும்பும்போது என்றால், நானே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

14 செப்டம்பர்

கூலி இழப்பைப் பற்றிப் பெருமையாக எழுதிவிட்டேன், அதற்குள் உள்ள கண்ணியையும் சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் 78.

ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஓர் ஆறு மாதத்தில் 78 நாளுக்குக் குறையாமல் உங்கள் பெயரில் பணம் கட்டப்பட்டிருந்தால்தான் நோய்க்காலக் கூலி. அதுவும் உடனே கிடையாது. இந்த ஏப்ரல்–செப்டம்பர் கணக்கு வரும் ஜனவரி முதல் ஜூன் வரை படுத்தால் உதவும். புதிதாகச் சேர்ந்தவருக்கு மருத்துவம் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு, நோய்க்காலக் கூலிக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்.

78 நாள் பெரிய விஷயமா, ஆறு மாதத்தில் பாதி நாள்தானே என்று தோன்றும். திருப்பூரில் அது பெரிய விஷயம். இங்கே ஆள் நிலையாக ஒரு கம்பெனியில் இருப்பதில்லை. ஆர்டர் உள்ள இடத்துக்கு ஓடுகிறார்கள். இருபது நாள் இங்கே, ஒரு மாதம் அங்கே, நடுவில் ஊருக்குப் போய் நோம்பி கும்பிட்டுவிட்டு வருவது. இரண்டு கம்பெனியிலும் ஒரே இ.எஸ்.ஐ. எண்ணில் பதிந்தால் நாட்கள் கூடும். புதிய கம்பெனியில் "எண் இல்லை" என்று சொல்லிவிட்டால் புது எண் போடுவார்கள், பழைய நாட்கள் அநாதையாகும். ஓர் ஆளுக்கு ஆயுளுக்கும் ஒரே எண். கைப்பேசியில் தொடர்பு எண்ணாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் 26 நாள் வேலை செய்கிறீர்கள், பதிவேட்டில் 11 நாள் ஏறுகிறது. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 3.25 சதவீதம் என்பது ஆயிரம் பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் சின்னப் பணமில்லை. இப்படி எழுதச் சொன்ன இடத்திலிருந்து நான் வேலையை விட்டு வந்திருக்கிறேன். எழுதிக் கொடுக்க அடுத்த நாளே வேறு ஆள் வந்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

15 செப்டம்பர்

ஒன்றரை ஷிப்ட் பற்றி: எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் நான்கு மணி நேரத்துக்கும் இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டும். ஆனால் 21,000 வரம்பைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது அந்த மிகைநேரக் கூலியைச் சேர்க்கக் கூடாது. இரண்டையும் கலந்து, "உங்களுக்கு ஓவர்டைமோடு 22,000 வருகிறது, இனி இ.எஸ்.ஐ. கிடையாது" என்று நிறுத்துகிற இடங்கள் உண்டு. தவறு. சாதாரணச் சம்பளமே 21,000ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதக் கணக்கு முடியும் வரை தொடர்ந்து பிடித்தாக வேண்டும்.

மிகைநேரத்தைக் கணக்கில் காட்டாமல் கையில் கொடுத்தால் தொழிலாளிக்கும் மகிழ்ச்சிதான், பிடித்தம் இல்லை. படுக்கும்போதுதான் தெரியும். நோய்க்காலக் கூலியைக் கணக்குப் போடும்போது காகிதத்தில் உள்ள சம்பளத்தில்தான் 70 சதவீதம்.

22 செப்டம்பர்

அனுப்பர்பாளையத்திலிருந்து பாத்திரப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்: "பட்டறையில் நாங்கள் ஆறு பேர். எங்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டா?"

அண்ணா, ஆறு பேர் என்றால் சட்டம் உங்களைத் தொடாது. (ஒரு காலத்தில் பத்துப் பேர் இருந்து, இ.எஸ்.ஐ.யில் பதிவாகி, பிறகு ஆறாகக் குறைந்திருந்தால் தொடும். ஒருமுறை உள்ளே வந்த பட்டறை ஆள் குறைந்தாலும் உள்ளேதான்.) அப்படியானால் முதலமைச்சர் அட்டை. அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்ததைக் கூட்டினார்கள். மாதத்துக்குப் பத்தாயிரம் ஆகிறது. நீங்கள் மாதம் 11,000 வாங்கி, வீட்டம்மா செக்கிங்குக்குப் போய் 8,000 கொண்டுவந்தால், இரண்டு பேர் உழைத்த குற்றத்துக்காகக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

காகிதத்தில் இப்படி. நடப்பில் வருமானச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் எல்லா வீட்டுக்கும் ஆண்டு வருமானம் 72,000தான். மாடி வீட்டுக்கும் அதே, ஓட்டு வீட்டுக்கும் அதே. அப்படி ஒரு சமத்துவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் உண்மையான வருமானத்தைச் சொல்கிற ஒரே குடும்பம் அட்டை இல்லாமல் நிற்கிறது. வெளிப்பட்டறையில் பித்தளை உருக்கும் புகையில் முப்பது வருடம் நிற்கிறவர் எந்தப் பட்டியலிலும் வராமல் போகிறார். பத்துப் பேர் என்ற எண்ணுக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்? ஆய்வாளருக்கு அலைச்சல் மிச்சம், வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஒரே கூரையின் கீழ் இரண்டு பெயர்ப்பலகை மாட்டி, இங்கே எட்டுப் பேர், அங்கே எட்டுப் பேர் என்று காட்டுகிற கலையும் இந்த எண்ணிலிருந்துதான் பிறந்தது.

23 செப்டம்பர்

மேல்பக்கமும் இதே பள்ளம்தான். 21,000 என்ற வரம்பு 2017 ஜனவரியில் வந்தது, அதற்கு முன் 15,000. வந்ததிலிருந்து அசையவில்லை, விலைவாசி மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது. எனக்குத் தெரிந்த லைன் சூப்பர்வைசர் ஒருவர், மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ். சம்பளத்தை 21,500 ஆக்கலாம் என்று கம்பெனி சொன்னபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். கூட்டினால் இ.எஸ்.ஐ. போகும், முதலமைச்சர் அட்டைக்கும் அந்தச் சம்பளத்தில் வழியில்லை. சம்பள உயர்வைக் கைகூப்பி மறுத்த ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

2019 ஜூலையில் பங்களிப்பை 6.5 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைத்தார்கள். 12,000 வாங்குபவருக்குப் பிடித்தம் 210இலிருந்து 90 ஆனது, கம்பெனியின் பங்கு 570இலிருந்து 390 ஆனது. வரவேற்காதவர் இல்லை. விகிதத்தைக் குறைத்த கையோடு வரம்பையும் உயர்த்தியிருக்கலாம் என்பது என் வாதம். பணம் போதாமல் விகிதத்தைக் குறைத்திருக்க மாட்டார்கள் அல்லவா?

1 அக்டோபர்

பெண்கள் யாரும் இதுவரை எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

பேறுகாலத்துக்கு 26 வாரம், முழுக் கூலி. 70 சதவீதம் இல்லை, நூறு. முந்தைய இரண்டு ஆறு மாதக் கணக்குகளில் சேர்த்து 70 நாள் பணம் கட்டியிருந்தால் போதும். நாளுக்கு 450 ரூபாய் என்றால் 182 நாளுக்கு 81,900 ரூபாய். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் பொருளுமாக வரும் 18,000 ரூபாய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறக்காமல் பதிவு செய்கிறோம், அது ஊரறிந்த திட்டம். இந்த எண்பதாயிரத்தைப் பற்றிச் சொல்ல ஆள் கிடையாது. ஐந்தாம் மாதம் வயிறு தெரிந்ததும் "இனி வர வேண்டாம் கண்ணு, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அன்பாக அனுப்பி வைப்பார்கள். அந்த அன்புக்குத் தலையாட்டும் முன் உங்கள் பெயரில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

4 அக்டோபர்

"பணம் அனுமதியாகிவிட்டது, வங்கிக் கணக்கில் ஏறவில்லை, பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள்."

இனிஷியல். வேறொன்றும் இருக்காது. ஆதாரில் அப்பா பெயர் பின்னால், வங்கியில் இனிஷியல் முன்னால், இ.எஸ்.ஐ. பதிவில் இனிஷியலே இல்லை, அல்லது கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியல். ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். நோய் வருவதற்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்கி வையுங்கள். நோயோடு படுத்துக்கொண்டு இனிஷியலுக்கு அலைவது கொடுமை.

8 அக்டோபர்

வெளிமாநிலத்தவர்களைப் பற்றி விடுதிக் காப்பாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். பீகாரிலோ ஒடிசாவிலோ உள்ள மனைவி மக்களையும் இந்த இ.எஸ்.ஐ. எண்ணில் சேர்க்கலாம். அவர்கள் அங்கேயே அருகிலுள்ள இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குச் சேரும்போது குடும்ப விவரத்தில் "தனி ஆள்" என்று எழுதிவிடுகிறோம், வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காக. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒரே நாளில் நாற்பது பேரைப் பதியும்போது யாரும் பெண்டாட்டி பெயரை இந்தியில் கேட்டு எழுதிக்கொண்டிருப்பதில்லை. இப்போது கேட்கிறேன்.

19 அக்டோபர்

வேலம்பாளையம் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். தன் எண்ணை வைத்து இணையத்தில் பார்த்தாராம், ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை 61 நாள்தான் காட்டுகிறது. ஒரு வாரம் தவிர எல்லா நாளும் வேலைக்குப் போயிருக்கிறார்.

செப்டம்பர் மாதப் பணத்தை அக்டோபர் 15க்குள் கட்டியிருக்க வேண்டும், ஆகவே இன்று பார்த்தால் ஆறு மாதமும் தெரியும். 78ஐத் தொடவில்லை என்றால் வரும் ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலக் கூலி உங்களுக்குக் கிடையாது. தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். உங்கள் ஒருவருக்கு மட்டும் குறைத்திருக்க மாட்டார்கள், பிரிவில் இன்னும் நாலு பேரைப் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமைச் சம்பளக் கவர்களை எறிய வேண்டாம், அதில் எழுதியிருக்கும் ஷிப்ட் எண்ணிக்கைதான் சாட்சி. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டிருந்தால் அது வெறும் பாக்கி இல்லை. தொழிலாளி நம்பி ஒப்படைத்த பணம் என்றே சட்டம் சொல்கிறது, நம்பிக்கை மோசடி வழக்கு வரும். இதை மேனேஜரிடம் சத்தமில்லாமல் ஒருமுறை சொன்னாலே பல இடங்களில் கணக்குத் திருந்திவிடும்.

27 அக்டோபர்

கடைசியாக வந்த கேள்வி பீஸ் ரேட்காரர்களுடையது. காண்ட்ராக்டர் ஆள் சேர்த்துக்கொண்டு கம்பெனிக்குள்ளேயே தைத்துக் கொடுக்கிறார். இ.எஸ்.ஐ. பிடித்தாரா என்றே தெரியாது. ஒருவருக்குக் கையில் ஊசி ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை, கம்பெனியோ "அவர் எங்கள் ஆள் இல்லை" என்கிறது.

கம்பெனியின் ஆள்தான். கம்பெனி வளாகத்தில் வேலை நடந்தால், காண்ட்ராக்டர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பொறுப்பு முதன்மை முதலாளியான கம்பெனிக்கு. கம்பெனி முதலில் கட்டிவிட்டுக் காண்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பாடு. பணம் கட்டாத காரணத்தால் தொழிலாளியின் உரிமை போனால், கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவர் அங்கே வேலை செய்ததற்கு ஏதாவது காகிதம் வேண்டும். கேட் பதிவேட்டில் கையெழுத்து, காண்ட்ராக்டர் கொடுத்த துண்டுச் சீட்டு, பீஸ் எண்ணிக்கை எழுதிய நோட்டு, எதுவாக இருந்தாலும் சரி. திங்கட்கிழமை முதலில் டிஸ்பென்சரியில் காயத்தைக் காட்டி, தையல் மெஷினில் ஏற்பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். அங்கிருந்து கிளை அலுவலகத்துக்குப் போங்கள். நான் அன்று அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது, பதினோரு மணிக்கு மேல் வந்தால் மனு எழுதித் தருகிறேன்.